பதினேழாம் எண் வீட்டின் ஏழு படிகள்

17, கர்லூ தெரு,
பால்மெய்ன், சிட்னி.
11 பிப்ரவரி 2008

பால்மெய்ன் பழங்கட்டட நடைப்பயணத் தலைவி அவர்களுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு உன் கூட்டம் என் வீட்டு முன்னால் வந்து நின்றது. முப்பத்திரண்டு பேர். இடுப்பெலும்பை மாற்றி ஒன்பது வாரமாக வீட்டில் கிடக்கிறவனுக்குத் தலை எண்ணுவதைத் தவிர வேறு என்ன வேலை? முன்னறை நாற்காலியில் பனியனோடு உட்கார்ந்து முட்டையும் டோஸ்ட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சிவப்புத் தொப்பி போட்ட ஓர் அம்மாள் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்து உள்ளே பார்த்தாள். நான் கரண்டியில் இருந்த முட்டையைத் தூக்கிக் காட்டினேன். அவள் சந்தோஷமாகக் கையசைத்துவிட்டு என்னைப் படம் எடுத்துக்கொண்டாள்.

கோரல், இது வீடு. காட்சிசாலை இல்லை. பதினெட்டு வருஷமாக மாதத்தில் இரண்டு ஞாயிறு இந்தக் கூத்து நடக்கிறது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. வாசலில் இருக்கும் ஏழு கல்படிகள் இப்போது எனக்கு ஏழு மலை. அவற்றின்மேல் ஒரு சாய்தளம் போட்டால் வாக்கரைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குப் போய் வரலாம். கவுன்சிலுக்கு விண்ணப்பம் போட்டேன். முடியாது என்று பதில் வந்திருக்கிறது. இது 1847இல் கேப்டன் எஃப்ரைம் ஸ்டப்ஸ் கட்டிய வீடாம், படிகள் அவர் காலத்தவையாம், பாதுகாக்கப்பட்ட கட்டடமாம், ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாதாம். ஆதாரம் என்று கீழே யார் பெயர் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? உன் பெயர்.

ஜானெல் பெர்த்திலிருந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கிறிஸ்துமஸுக்குள் சாய்தளம் வராவிட்டால் அவள் ஊரில் முதியோர் குடியிருப்பில் என்னைக் கொண்டுபோய் வைத்துவிடுவாளாம். நம் மகள் சொன்னால் செய்கிறவள். உன் பிடிவாதம் அப்படியே அவளிடம் இருக்கிறது. நீ கவுன்சிலுக்கு ஒரு வரி எழுது. ஒரு மரச்சரிவு போட்டால் வரலாறு இடிந்து விழாது என்று எழுது. ஃபோனில் கூப்பிடாதே. முப்பது வருஷம் பாய்லருக்குள் உட்கார்ந்து சுத்தியல் அடித்த காதுக்கு ஃபோன் மணியே கேட்பதில்லை என்று உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் முன்னாள் கணவனும் உன் நடைப்பயணத்தின் ஏழாவது நிறுத்தமுமான
மெர்வின்


8, ஹார்னெஸ் சந்து,
பால்மெய்ன்.
14 பிப்ரவரி 2008

அன்புள்ள மெர்வின்,

நான்கு தெரு தள்ளி இருக்கிறவளுக்குத் தபால்தலை ஒட்டி அனுப்புகிற ஒரே மனிதன் நீதான். கடிதம் மூன்று நாள் ஊர் சுற்றிவிட்டு வந்து சேர்ந்தது.

முதலில், பனியனோடு முன்ஜன்னலில் உட்காராதே. அந்தச் சிவப்புத் தொப்பி அம்மாள் என்னிடம் வந்து, "அந்தத் தாத்தாவையும் நீங்கதான் உக்கார வெச்சிருக்கீங்களா? அச்சு அசலா இருக்காரே" என்று கேட்டார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இரண்டாவது, அந்தப் படிகள். மெர்வின், இந்த நடைப்பயணத்தில் மொத்தம் பதினோரு நிறுத்தங்கள். பழைய சோப்புத் தொழிற்சாலை, நீதிமன்றம், படகுத்துறை என்று எல்லாவற்றையும் காட்டுகிறேன். எல்லோரும் தலையாட்டுகிறார்கள், தண்ணீர் குடிக்கிறார்கள், கைக்கடிகாரம் பார்க்கிறார்கள். உன் வீட்டு முன்னால் மட்டும்தான் வாயடைத்து நிற்கிறார்கள். திமிங்கில வேட்டைக்குப் போன கேப்டன் இந்தப் படிகளில்தான் இறங்கிப் போனார், அவர் மனைவி ஹாரியட் மாடி ஜன்னலில் பதினோரு வருஷம் உட்கார்ந்து பாய்மரத்தைத் தேடினாள் என்று சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் படிமேல் பலகை அடிக்கலாம் என்று நானே எழுதுவதா? அக்டோபரில் எங்கள் வரலாற்றுக் கழகத்துக்கு ஐம்பது வயது. என் கையேட்டை மறுபதிப்பு போடுகிறார்கள். அட்டையில் உன் ஏழு படிகள்தான்.

1985இல் அந்த வீட்டை விட்டு நான் வெளியேறியபோது இரண்டு பெட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். மற்ற எல்லாவற்றையும் உனக்கு விட்டுவிட்டேன். அந்த வீட்டின் கதையை மட்டும் விடமாட்டேன். அது நான் கண்டுபிடித்தது.

பின்பக்கச் சந்து இருக்கிறதே, அந்த வழியாகப் போய் வரலாமே?

கோரல்


17, கர்லூ தெரு
10 மார்ச் 2008

கோரலுக்கு,

பின்பக்கச் சந்தாம். இருபத்தைந்து வருஷம் அந்த வழியாகக் குப்பை கொண்டுபோய்ப் போட்டவள் நீ. அங்கே பதினொரு படி, அதற்குமேல் ஆட்டுக்குட்டிகூட வழுக்கும் சரிவு. மறந்துவிட்டாயா, அல்லது நான் விழுந்து செத்தால் கேப்டன் பேய்க்குத் துணையாக இருப்பேன் என்று பார்க்கிறாயா?

கவுன்சிலிலிருந்து ஓர் ஆள் வந்தான். சட்டைப்பையில் நாலு பேனா. எனக்குக் கேட்காது என்று தெரிந்ததும் நோட்டில் எழுதிக் காட்டினான்: 'ஐயா, படிகள் நூற்றறுபது வருஷப் பழசு. சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது.' நான் சொன்னேன், "எனக்கும் எழுபத்திநாலு ஆச்சுப்பா. என்னைப் பாதுகாக்க ஏதாவது சட்டம் வெச்சிருக்கீங்களா?" சிரித்தான். சிரித்துவிட்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு, படிகளை மட்டும் ஆறு படம் எடுத்துக்கொண்டு போனான்.

நேற்றும் வந்தாய். மழை தூறியும் இருபது பேர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் வாய் அசைவது தெரிகிறது, ஒரு வார்த்தைகூடத் தெரிவதில்லை. நீ எப்போதும் கூட்டத்தைப் பார்த்து நிற்கிறாய், எனக்குப் பாதிக் கன்னம்தான் தெரியும். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். கடைசியில் பேச்சை நிறுத்திவிட்டு மாடி ஜன்னலை அண்ணாந்து பார்க்கிறாய். உடனே எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அங்கே என் பழைய தூண்டில் கம்புகளும் உடைந்த மின்விசிறியும்தான் இருக்கின்றன. நீ சொல்லும் ஹாரியட்டை நான் ஒருநாளும் கண்டதில்லை.

இந்த வீட்டைப்பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும் கோரல். நான் வாயைத் திறந்தால்... வேண்டாம், விடு. நீ கவுன்சிலுக்கு எழுது. அவ்வளவுதான் கேட்கிறேன்.

மெர்வின்


8, ஹார்னெஸ் சந்து
21 ஏப்ரல் 2008

மெர்வின்,

சனிக்கிழமை ஆட்டுக்கறி சமைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். கதவைத் தட்டினேன், மணி அடித்தேன், கதவிடுக்கின் வழியாகக் கத்தினேன். எதிர்வீட்டு வக்கீல் மனைவி வெளியே வந்து, "கோரல், அவர் உள்ளதான் இருக்கார். நீங்க இவ்வளவு சத்தம் போட்டா எங்க நாய்தான் வரும்" என்றாள். பாத்திரத்தை வாசலில் மேல்படியில் வைத்துவிட்டு வந்தேன். ஞாயிறன்று கழுவிக் கவிழ்த்து அதே படியில் இருந்தது. ஒரு சீட்டு, ஒரு நன்றி, ஒன்றும் இல்லை. உன்னோடு வாழ்ந்த கால் நூற்றாண்டும் இப்படித்தான் இருந்தது.

'நான் வாயைத் திறந்தால்' என்று எழுதியிருக்கிறாய். திறவேன்! நீ வாயைத் திறக்கமாட்டாய் என்பதுதானே என் குறை. சாயங்காலம் "வா மெர்வ், துறைமுகம் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரலாம்" என்று கூப்பிட்டால், "நாள் முழுக்க அங்கதானே கெடந்தேன்" என்பாய். பிறகு தெருமுனை மதுக்கடைக்கு மட்டும் கால் தானாக நடக்கும். இந்தப் பதினெட்டு வருஷத்தில் ஊர் உலகத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து என்னோடு நடந்துவிட்டார்கள். நார்வேயிலிருந்துகூட வந்தார்கள். நீ மட்டும் வாசல்படி இறங்கி வந்ததில்லை. அப்போது உன் இடுப்பு நன்றாகத்தான் இருந்தது.

யோசித்துத்தான் சொல்கிறேன், என்னால் எழுத முடியாது. நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருஷம் தட்டச்சு செய்தவள். யாரும் என் பேச்சைக் கேட்க நின்றதில்லை. அந்த ஏழு படிகள் முன்னால்தான் முதன்முதலாக நின்றார்கள். அதில் நானே கைவைக்க என்னால் ஆகாது.

வீட்டுக்கு வந்து உதவ ஆள் ஏற்பாடு செய்கிறேன். ஜானெலிடமும் பேசுகிறேன்.

கோரல்


மருத்துவமனை, நான்காம் வார்டு
2 ஜூன் 2008

கோரல்,

இடக்கையால் எழுதுகிறேன். கோழி கிளறியதுபோல் இருக்கும், பொறுத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை தபால் பெட்டியைப் பார்க்க இறங்கினேன். மூன்றாம் படியில் கால் வழுக்கியது. வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. இடுப்பு தப்பித்தது. வக்கீல் வீட்டு நாய்தான் முதலில் கண்டுபிடித்துக் குரைத்ததாம்.

பெட்டியில் மின்சாரக் கட்டணச் சீட்டு மட்டும்தான் இருந்தது. உன்னிடமிருந்து ஏதாவது வந்திருக்கும் என்று இறங்கினேன்.

ஜானெல் பறந்து வந்தாள். டிசம்பர் முதல் தேதியிலிருந்து பெர்த்தில் அறை பிடித்துவிட்டாள். தரைத்தளமாம், ஜன்னல் உண்டாம், ஜன்னலில் கார் நிறுத்துமிடம் தெரியுமாம். பிறந்ததிலிருந்து துறைமுகம் தெரியாத ஜன்னலில் நான் கண் விழித்ததில்லை. அது அவளுக்கும் தெரியும். அறையைப் பற்றிச் சொல்லும்போது அழுதாள்.

மெர்வின்


8, ஹார்னெஸ் சந்து
23 ஜூன் 2008

அன்புள்ள மெர்வின்,

மருத்துவமனையில் உன் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தபோது சொல்ல வாய் வரவில்லை. நீயும் மாத்திரையில் தூங்கித் தூங்கி விழித்தாய். இப்போது எழுதிவிடுகிறேன்.

நீ விழுந்ததைக் கேட்டதும் எனக்குப் பதறிவிட்டது. எப்படியாவது உன் படிகளுக்கு ஒரு வழி பண்ணவேண்டும் என்று ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். படிகள் பிற்காலத்தில் மாற்றிக் கட்டப்பட்டவை என்று ஒரு சின்ன ஆதாரம் கிடைத்தாலும் போதும், வீட்டை விட்டுவிட்டுப் படிகளை மட்டும் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சாக்கடைக் குழாய் பதிக்க 1888இல் வரைந்த தெரு வரைபடம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வீட்டின் படி, கொல்லைக் கழிப்பறை, கிணறு எல்லாம் அதில் உண்டு. சாக்கடை வரைபடத்தை எந்த மடையன் வரலாற்றுக்குப் பார்ப்பான் என்று இத்தனை வருஷம் நான் அதைத் தொட்டதே இல்லை.

உன் வீடு இருந்தது. ஏழு படியும் இருந்தது. மேலே எழுதியிருந்த எண் 29.

என் கண்தான் சரியில்லை என்று பூதக்கண்ணாடி வாங்கிப் பார்த்தேன். 29தான். பிறகு இரண்டு நாள் அங்கேயே கிடந்து தோண்டினேன். 1892இல் கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனி துறைமுகத்தை ஒட்டிய ஆறு வீடுகளை வாங்கி இடித்திருக்கிறது. அதன்பின் தெருவுக்கு முழுக்கப் புது எண் போட்டிருக்கிறார்கள். பழைய 29 இன்றைய 17. கேப்டன் ஸ்டப்ஸ் இருந்த பழைய 17, இன்றைய 5. அங்கே என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியும். செங்கல் ஃபிளாட். கீழே ஆறு கார், மேலே துணி காயும் கொடி.

நான் பழைய விலாசப் புத்தகத்தில் 'கர்லூ தெரு 17, கேப்டன் ஸ்டப்ஸ்' என்று பார்த்தேன், ஓடி வந்து உன் கதவில் 17ஐப் பார்த்தேன், அதோடு முடிந்தது. கற்றுக்குட்டிகூடச் செய்யாத தப்பு. எங்கள் கழகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் பாடமாக, 'தெருவுக்கு எண் மாறியிருக்கிறதா என்று பார்' என்று நானே சொல்லிக்கொடுக்கிறேன். 1996இல் ஒரு கட்டடக்கலைஞர், "இந்தக் கூரை வளைவு முப்பது வருஷம் பிந்தினதுபோல இருக்கேம்மா" என்றார். விலாசப் புத்தகத்தை நீட்டி அவர் வாயை அடைத்தேன். எல்லோர் முன்னாலும் அவரைச் சிறுமைப்படுத்தினேன்.

உன் வீடு 1878இல் வாடகைக்கு விடக் கட்டிய நாலு வீடுகளில் ஒன்று. முதல் குடித்தனக்காரர் பீப்பாய் செய்கிறவர். அவ்வளவுதான் அதன் பெருமை.

இதைக் கவுன்சிலுக்குச் சொன்னால் உன் வீடு பட்டியலிலிருந்து போய்விடும், நீ சாய்தளம் போட்டுக்கொள்ளலாம். சொன்னால் என் கையேடு, உன் வாசல் சுவரில் கவுன்சில் பதித்த 'கேப்டன் வீடு' தகடு, என் பதினெட்டு வருஷம் எல்லாம் போய்விடும். மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

கோரல்


17, கர்லூ தெரு
30 ஜூன் 2008

அன்புள்ள கோரல்,

சாப்பிடு முதலில்.

எனக்குத் தெரியும். 1990இலிருந்து தெரியும். தகடு திறக்கிற அன்றைக்குக் கதவுக்குப் பெயின்ட் அடித்து வை என்று நீ ஆள் அனுப்பினாய், ஞாபகம் இருக்கிறதா? பிரிந்து அஞ்சு வருஷம் கழித்து என்னிடம் நீ கேட்ட முதல் உதவி அது. ஒழுங்காகச் செய்யவேண்டும் என்று கதவுக்குமேல் இருக்கும் கண்ணாடியிலிருந்து பழைய பெயின்டைச் சுரண்டினேன். ஏழு பூச்சு. அடியில் தங்க எழுத்தில் 29 என்று இருந்தது. ஆறு வீடு இடித்து எண் மாறிய கதை என் அப்பா சொல்லி எனக்குத் தெரியும். புது எண் போட்டபோது தபால்காரர் ஒரு வருஷம் கண்ட வீட்டிலெல்லாம் கண்ட கடிதத்தைப் போட்டாராம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன், புரிந்துவிட்டது.

ஏணியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் யோசித்தேன். பிறகு பச்சைப் பெயின்டை எடுத்து அந்த 29ஐ மூடிவிட்டேன். மறுநாள் நீ நீலக் கோட்டு போட்டு வந்தாய். மேயர் திரையை விலக்கியபோது உன் முகத்தைப் பார்த்தேன். என்னோடு இருந்த காலத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. அதைக் கெடுக்க எனக்கு என்ன உரிமை?

அதனால் யாரிடமும் சொல்லாதே. கையேடு வரட்டும். நான் பெர்த்துக்குப் போகிறேன். கார் நிறுத்துமிடமும் ஒரு காட்சிதான், பழகிவிடும். சாக்கடை வரைபடத்தை இன்னும் நூறு வருஷத்துக்கு ஒருவனும் பார்க்கமாட்டான்.

மெர்வின்


8, ஹார்னெஸ் சந்து
3 ஜூலை 2008

மெர்வின்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கையில் கிடைத்த தேநீர்க் கோப்பையைச் சுவரில் அடித்தேன். உன் அம்மா கொடுத்த கோப்பை. அதற்கு நீதான் பொறுப்பு.

பதினெட்டு வருஷம்! மாதம் இரண்டு ஞாயிறு, ஒரு தடவைக்கு முப்பது பேர். இத்தனை ஆயிரம் பேரிடம் நான் பொய் சொல்வதைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து முட்டை தின்றுகொண்டு பார்த்தாயா? 'கோரல், எண் தப்பு' என்று மூன்று வார்த்தை. அதைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அன்பாம். அன்பு இருந்தால் அப்போதே சொல்லியிருக்கவேண்டும். உன் அன்பை எல்லாம் பெயின்டுக்கு அடியில்தான் வைப்பாயா? கல்யாணமான நாளிலிருந்து நான் சுரண்டிக்கொண்டுதான் இருந்தேன். கை ஓய்ந்துபோய்த்தான் வெளியே வந்தேன்.

இப்போது எனக்காகப் பெர்த்துக்குப் போகிறாராம். போய் அங்கே உட்கார்ந்து, 'அவளுக்காக வந்தேன்' என்று கார்களைப் பார்த்துக்கொண்டிருப்பாய். நான் இங்கே உன் காலி வீட்டு முன்னால் நின்று தெரிந்தே பொய் சொல்லவேண்டும். இந்தத் தியாகத்தை நீயே வைத்துக்கொள். எனக்கு வேண்டாம்.

இதற்குப் பதில் எழுதாதே.

கோரல்


8, ஹார்னெஸ் சந்து
12 ஆகஸ்ட் 2008

அன்புள்ள மெர்வின்,

கோபம் முழுக்கத் தணியவில்லை. ஆனாலும் நடந்ததை நீ என்னிடமிருந்துதான் தெரிந்துகொள்ளவேண்டும்.

கழகக் கூட்டத்தில் வரைபடத்தை விரித்துவைத்துச் சொன்னேன். செயலாளர், "கோரல், அட்டை அச்சாகிட்டிருக்கே" என்றார். நிறுத்துங்கள் என்றேன். கவுன்சிலுக்கு நாலு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு நேரில் கொடுத்துவிட்டேன். உன் நாலு பேனா ஆள்தான் வாங்கிக்கொண்டான். படித்துவிட்டு, "அப்ப அந்தப் பெரியவர் படி?" என்றுதான் முதலில் கேட்டான். நல்ல பையன். பட்டியலிலிருந்து எடுக்க இரண்டு மாதம் ஆகுமாம், அதன்பின் சாய்தளத்துக்குத் தடை இல்லை. ஜானெலிடமும் ஃபோனில் சொல்லிவிட்டேன். பெர்த் அறையை விட்டுவிடச் சொன்னேன். அவள் மறுபடி அழுதாள்.

திருத்தம் அச்சில் வருவதற்கு முன்னால், எப்போதும் நிற்கிற இடத்திலேயே நின்று சொல்லிவிடவேண்டும் என்று முந்தாநாள் நடைப்பயணத்தில் சொன்னேன். நாற்பது பேர். 'இது கேப்டன் வீடு இல்லை, நான் செய்த தப்பு' என்று ஆரம்பித்தேன். 29ஐச் சொன்னேன், பீப்பாய்க்காரரைச் சொன்னேன். இதே வீட்டில் இன்று இருக்கிறவரால் படி இறங்க முடியவில்லை, அதற்கு என் தப்புதான் காரணம் என்றும் சொன்னேன். சிலர் கையேட்டை மூடினார்கள். ஒருவர் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று மனைவியிடம் முணுமுணுத்தார். வழுக்கைத் தலைக்காரர் ஒருவர், துறைமுகத்தில் வேலை பார்த்தவர்போல் இருந்தார், அவர் மட்டும் மாடியைக் காட்டி, "அப்ப அந்த ஜன்னல்ல யாருமே உக்காந்து காத்திருக்கலையாம்மா?" என்று கேட்டார். ஏமாந்துபோன குரல்.

எப்படி வந்தது என்று தெரியவில்லை. "நான் உக்காந்திருந்தேன்" என்றேன்.

ஹாரியட்டைப் பற்றி விலாசப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை மெர்வின். கேப்டன் பெயர் மட்டும்தான் உண்டு, அவருக்கு ஒரு மனைவி இருந்தாள் என்று மட்டும் தேவாலயப் பதிவில் உண்டு. ஜன்னல், பதினோரு வருஷம், கண்ணில் வலி வரும்வரை பார்ப்பது, இதெல்லாம் எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

இனி உன் வீட்டு முன்னால் யாரும் நிற்கமாட்டார்கள். நீ கேட்டது கிடைத்துவிட்டது. நிம்மதியாக முட்டை சாப்பிடு.

கோரல்


17, கர்லூ தெரு
10 நவம்பர் 2008

அன்புள்ள கோரல்,

பதில் எழுதாதே என்று நீ சொன்னதை நாலு மாதம் கடைப்பிடித்தேன். எனக்கு அது கஷ்டமான வேலை இல்லை என்று நீ சொல்வாய். இந்தத் தடவை கஷ்டமாகத்தான் இருந்தது.

சாய்தளம் புதன்கிழமை முடிந்தது. நல்ல மரம், நல்ல தச்சன், கைப்பிடி மட்டும் ஒரு அங்குலம் உயரம் கூட. படிகளை உடைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்படியே கீழே இருக்கின்றன. கதவுக்குமேல் கண்ணாடியில் பச்சையைச் சுரண்டிவிட்டேன். 29 வெயிலில் பளபளவென்று இருக்கிறது. தபால்காரர் குழம்பட்டும்.

நேற்றுப் பதினொன்றே காலுக்கு உன் கூட்டம் வந்தது. இருபத்தாறு பேர். ஊதா நிற ஜகரண்டாப் பூ தெரு முழுக்க உதிர்ந்து கிடந்தது, எல்லோரும் அதை மிதித்துக்கொண்டு என் வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே ஐந்தாம் எண் ஃபிளாட்டுக்குப் போனார்கள். அங்கே நின்று துணிக்கொடியைப் பார்த்தார்கள். நான் காலையிலேயே ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தி மூக்கைக்கூட ஒட்டவில்லை. எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்தது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய்.

ஜன்னலைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, ஆனால் சொல்லாமல் விட்டதால் வந்த கேடு போதும். மதுக்கடை வாசலில் நின்றால் நம் மாடி விளக்கு தெரியும். நீ அங்கே உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தே உள்ளே திரும்பிப் போய் இன்னொரு கிளாஸ் வாங்கினேன். ஒரு நாள் இல்லை, பல நாள். ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தால் நீ பேசச் சொல்வாய் என்ற பயமாக இருக்கலாம். மன்னித்துக்கொள்.

வரும் இருபத்துமூன்றாம் தேதி இந்த வீட்டு முன்னால் நில். பழைய ஏழாவது நிறுத்தம்தான். என்ன சொல்வாயோ அது உன் பாடு. பீப்பாய்க்காரரைச் சொல், சாக்கடையைச் சொல், என்னைத் திட்டு. ஆனால் கூட்டத்தைப் பார்த்து நிற்காதே. நான் வாசல் கேட்டருகே வாக்கரோடு நிற்பேன். என் பக்கம் திரும்பி நின்று, வாயை நன்றாகத் திறந்து, மெதுவாகச் சொல். பதினெட்டு வருஷமாக நீ என்ன சொல்கிறாய் என்று எனக்குத் தெரியாது.

முடித்ததும் ஐந்தாம் எண் வரைக்கும் நானும் வருகிறேன். ஆறு வீட்டுத் தூரம்தான், நடந்துவிடுவேன். வழியில் மட்டும் எதையும் விளக்கிக்கொண்டு வராதே. உன் வாயைப் பார்த்தால் பாதையைப் பார்க்க முடியாது, மறுபடி விழுந்துவைப்பேன்.

மெர்வின்